எட்டு மாடியும் ஒரு மூடியும்

பாட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் விரித்திருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தபடி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர் பதினொன்றுக்கும் அதே இடத்தில்தான் இருந்தார். தாளில் ஒரு சொட்டுகூட விழவில்லை. பாட்டிலைக் கழற்றிக் குலுக்கினார். மேஜையிலிருந்து தரைக்குத் தள்ளிவிட்டார். மறுபடியும் எடுத்துத் தொங்கவிட்டார். அப்போதும் தாள் காய்ந்தே கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவருக்கோ எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இங்கே ஒழுகாத இந்த மூடி, இந்த அறையை விட்டு வெளியே போனால் மட்டும் ஒழுகித் தொலைத்தது.

பிளாஸ்டிக் சாமான்கள் செய்யும் கம்பெனியில் அவர் வடிவமைப்பாளர். எந்நேரமும் சொட்டு விழுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதால், கூட வேலை செய்பவர்கள் அவருக்குச் ‘சொட்டு சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சோப்பு, தரை துடைக்கிற மருந்து என்று அழுத்தினால் பீய்ச்சும் பாட்டில்கள் எத்தனையோ வருகின்றன. பாட்டில் தீர்ந்ததும் நன்றாக வேலை செய்யும் பம்பும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. அப்படிப் போகாமல், கழற்றிக் கழுவி அடுத்த பாட்டிலில் மாட்டிக்கொள்கிற, ஒழுகாத ஒரு பம்பு மூடியைச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

செய்தால் போதுமா, யாராவது பயன்படுத்திப் பார்க்க வேண்டுமே. தான் குடியிருக்கும் எட்டு மாடிக் கட்டடத்திலேயே, துப்புரவு செய்பவர்களிடம் பன்னிரண்டு மூடிகளைக் கொடுத்தார். அங்கே குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரே அவர்தான் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டடத்தின் நடைகளையும் படிகளையும் மூன்று பெண்கள் துடைத்தார்கள். கீழ்த்தளத்தை இருவர் பார்த்துக்கொள்ள, மாடி வேலை முழுவதும் ஒருவர் தலையில்தான். மற்ற இருவரும் அவரை ‘மாடியக்கா’ என்பார்கள். குடியிருப்பவர்களுக்கு அவர் ‘ஏம்மா’. அதற்கு மேல் ஒரு பெயர் தேவை என்று யாருக்கும் தோன்றியதில்லை.

முதல் வாரம் முடிவதற்குள் பன்னிரண்டில் பத்து மூடிகள் ஒழுகின. சொட்டு சார் கீழ்த்தளத்தில் இருக்கும் குழாயடி அறைக்கே போய்க் கேட்டார்.

“எப்படிம்மா ஒழுகும்? நான் தலைகீழா தொங்கவிட்டே பாத்துட்டேனே!”

“மேல கொண்டு போறதுக்குள்ள தளர்ந்துடுது சார்,” என்றார் மாடியக்கா.

“தளருதுன்னா நீ சரியா திருகலன்னு அர்த்தம்.”

“நல்லா இறுக்கித்தான் சார் திருகறேன். தூக்கிட்டு ஏறும்போது…”

“சரி சரி, நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். ரப்பர் வளையத்தை மாற்றினார். அதுவும் ஒழுகியது. உள்ளே இருக்கும் அடைப்பை மாற்றினார். அதுவும் ஒழுகியது. மூடியைத் திருகுவது எப்படி என்று நான்கு படங்கள் வரைந்து குழாயடிச் சுவரில் ஒட்டினார். அப்படியும் ஒழுகியது. ஒவ்வொரு முறையும் கம்பெனியின் ஆய்வுப் படிவத்தில் ‘கோளாறுக்குக் காரணம்’ என்ற இடத்துக்கு வருவார். அங்கே மூன்று கட்டங்கள் இருந்தன. மூலப்பொருளின் தவறு, பாட்டிலின் தவறு, பயன்படுத்துபவரின் தவறு. மூன்றாவது கட்டத்தில் ‘டிக்’ போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். நான்கு மாதங்களில் அந்தக் கட்டத்தில் முப்பத்தோரு டிக் விழுந்திருந்தது.

வீட்டிலும் நிம்மதி போயிற்று. சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் தலைகுப்புற நின்றது. “ஒண்ணு அது இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்,” என்றார் மனைவி. சொட்டு சார் பாட்டிலைப் பார்த்தபடியே “ம்” என்றார். எதற்கு அந்த ‘ம்’ என்று மனைவிக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்காது.

புதன்கிழமை மேலாளர் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். அதுக்கப்புறம் இந்த வேலைய மூடிட்டு, பழையபடி தூக்கிப் போடற பம்பையே போடப் போறோம். நீங்களும் உங்க பழைய செக்‌ஷனுக்கே போயிடலாம்.”

“சார், மூடியில தப்பே இல்ல. உபயோகிக்கத் தெரியாதவங்க கையில கொடுத்தா நான் என்ன பண்றது?”

மேலாளர் படிவங்களைப் புரட்டினார். “அதுக்கு ஆதாரம் எங்க? ‘நேரில் பார்த்த தேதி’ன்னு ஒரு இடம் இருக்கு பாருங்க. முப்பத்தோரு படிவத்துலயும் காலியா இருக்கு. ஒரு தடவையாவது நேர்ல பாத்தீங்களா?”

சொட்டு சார் தலையைச் சொறிந்தார். நான்கு மாத உழைப்பு ஒரு தேதியால் போய்விடக் கூடாது. ஒரே ஒருநாள் கூடப் போய், அந்தம்மா திருகும் அழகைக் கையும் களவுமாகப் பிடித்துத் தேதி போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அவர் கிளம்பியதன் நோக்கம் அதுதான், வேறொன்றுமில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழாயடிக்குப் போனார். மாடியக்கா பாட்டிலில் மருந்தை ஊற்றி, மூடியை வைத்து, புறங்கை நரம்பு புடைக்க இறுக்கித் திருகினார். சொட்டு சார் வாங்கித் தானும் திருகிப் பார்த்தார். அரை நூல்கூட நகரவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வந்தவருக்கு முதல் ஏமாற்றம் அங்கேயே கிடைத்தது.

மாடியக்கா பாட்டிலை வாளிக்குள் சாய்த்து வைத்தார். கூடவே துணிகள், தேய்க்கும் பிரஷ், குப்பை முறம். வலக்கையில் வாளி. இடக்கையில் துடைப்பமும் நீளக் கம்பி வைத்த துடைப்பானும். மேலிருந்து துடைத்துக்கொண்டே இறங்க வேண்டும் என்பதால் முதலில் எட்டாவது மாடிக்குப் போக வேண்டும். அவர் படியில் கால் வைத்தார். சொட்டு சார் பின்னால் ஏறினார்.

நான்காவது மாடியில் குடியிருப்பவர் அவர். ஆறு வருஷமாக அங்கே இருந்தும் அந்தப் படிகளில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படிகள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் வாளி மாடியக்காவின் தொடையில் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் மூடியின் தலை வாளி விளிம்பில் ‘டக்’ என்று மோதி, மயிரிழை அளவுக்குத் திரும்பியது. இரண்டாவது மாடியில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நான்காவதில் மூடிக்கும் பாட்டில் கழுத்துக்கும் நடுவே ஒரு கோடு தெரிந்தது. ஆறாவதில் அந்தக் கோட்டிலிருந்து முதல் சொட்டு இறங்கி, வாளியின் வெளிப்பக்கமாக வழிந்து, அவர் சேலையில் ஊறியது. அந்த இடத்தில் சேலை ஏற்கெனவே வெளுத்துப் போயிருந்தது.

சொட்டு சாருக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேஜையில் நிற்கும் பாட்டிலைச் சோதித்தார், தொங்கும் பாட்டிலைச் சோதித்தார், விழும் பாட்டிலைக்கூடச் சோதித்தார். படியேறும் பாட்டிலை அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“இதை ஏம்மா நீ… ஏன் என்கிட்ட சொல்லல?”

“மொத நாளே சொன்னேனே சார். தூக்கிட்டு ஏறும்போது தளருதுன்னு.”

சொன்னார்தான். அவருக்கும் நினைவு வந்தது. அந்த வாக்கியத்தைப் பாதியில் வெட்டியவரே அவர்தானே.

“அந்த எடத்துல எரியாதா?”

“எரியும் சார். ராத்திரி தேங்காயெண்ணெய் வெப்பேன். மறுநாள் மறுபடி படும்.” கதை கேட்டது போதும் என்பதுபோல மாடியக்கா வாளியைக் கை மாற்றிக்கொண்டார்.

அப்போது சொட்டு சார் ஒரு கேள்வி கேட்டார். நம்புங்கள், சுத்தமான மனசோடுதான் கேட்டார்.

“அதுக்கு ஏன் படியில ஏறணும்? லிஃப்ட்ல வெச்சுக் கொண்டு போக வேண்டியதுதானே?”

மாடியக்கா அவர் முகத்தைப் பார்த்தார். விளையாடுகிறாரா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிறகு முகவாயை லேசாகத் தூக்கிக் காட்டினார்.

ஆறாவது மாடி லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. வெள்ளையில் நீல எழுத்து. ‘துப்புரவுப் பணியாளர்கள் லிஃப்ட்டைப் பயன்படுத்துவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது. – செயலாளர்.’ அடியில் கையெழுத்து. அதே பலகை எல்லா மாடியிலும் இருந்தது. மங்காமல் இருக்க வேண்டும் என்று அவரே தன் கம்பெனியில் சொல்லி உயர்ந்த ரகப் பிளாஸ்டிக்கில் செய்து வாங்கியது. இரண்டு வருஷம் ஆகியும் ஒரு எழுத்துகூட மங்கவில்லை.

“எதுக்கு… எதுக்கு இதை வெச்சோம்?” அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டது.

“லிஃப்ட்டுக்குள்ள மருந்து சிந்துதுன்னு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுல்ல சார். அப்பவும் இந்த பாட்டில்தான். பம்புதான் வேற.”

பாட்டில் ஒழுகியது என்று மனுஷியை லிஃப்ட்டிலிருந்து இறக்கியவர் அவர். மனுஷி படியில் ஏறியதால் ஒழுகும் பாட்டிலை நிறுத்த நான்கு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டவரும் அவரே. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவர் அங்கேயே நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவமானத்தில் காது சுட்டது.

அன்று மாலையே சங்கத்துக்காரர்களைக் கீழ்க்கூடத்தில் கூட்டினார். பலகையை எடுக்கப் போவதாகச் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்குப் பேசினார்கள்.

“மருந்து நாத்தம் தாங்காது. குழந்தைங்க போற லிஃப்ட்டுங்க அது,” என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

“நாம ஆபீஸ் கிளம்பற நேரத்துல வாளியும் கையுமா உள்ள நின்னா எப்படி?” என்றார் இன்னொருவர்.

ஐந்தாம் மாடி வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “நேரா கேக்கறேன். உங்க மூடி பாஸாகணும்னு எங்க லிஃப்ட்டைத் திறந்துவிடச் சொல்றீங்களா?”

நியாயமான கேள்விதான். சொட்டு சாருக்குச் சுருக்கென்று தைத்தது.

“இல்ல சார். மூடி படியேறினாலும் ஒழுகக் கூடாது, அதை நான் செஞ்சே ஆகணும். ஊர்ல எத்தனை கட்டடத்துல இப்படிப் பலகை மாட்டியிருக்காங்களோ! ஆனா அந்தம்மா காலு புண்ணாயிருக்கு சார். அது மூடியால ஆனது பாதி. மீதி என் கையெழுத்தால ஆனது.”

“ஓட்டெடுப்பு வெச்சு முடிவு பண்ணலாமே,” என்றார் வக்கீல்.

“பலகைய மாட்டறப்ப யாரும் ஓட்டு போடலையே. நானே எழுதினேன், நானே மாட்டினேன். நானே எடுத்துடறேன். வேணாம்னா வேற செயலாளரப் பாத்துக்குங்க.”

செயலாளர் பதவி என்றதும் எல்லோரும் அவரவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஸ்க்ரூடிரைவரோடு ஒவ்வொரு மாடியாக ஏறி, கீழ்த்தளத்தில் இருந்ததையும் சேர்த்து ஒன்பது பலகைகளையும் அவரே கழற்றினார். நான்கு நான்கு திருகாணிகள். எல்லாம் அவர் சொல்லி இறுக்கியவை. உள்ளங்கை கன்றிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை மேலாளர் முன்னால் முப்பத்திரண்டாவது படிவத்தை வைத்தார். நேரில் பார்த்த தேதி எழுதியிருந்தது. மூன்று கட்டங்களும் காலி. கீழே பேனாவால் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, ‘வடிவமைத்தவரின் தவறு’ என்று எழுதி டிக் செய்திருந்தார்.

“படிவத்துல இல்லாததை எல்லாம் எழுதக் கூடாதுங்க,” என்றார் மேலாளர்.

“இல்லாததுதான் சார் கோளாறே. உபயோகிக்கிறவங்க தப்புன்னு சொல்ல எடம் வெச்சிருக்கோம். செஞ்சவன் தப்புன்னு சொல்ல எடமே இல்ல.”

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். அவருக்கும் எரிச்சல்தான். “ஒரு மாசம். அதுக்கு மேல ஒருநாள் கிடையாது,” என்று ஃபைலைத் தள்ளினார்.

அடுத்த புதன்கிழமை காலை. மூடி திரும்பாமல் பிடித்துக்கொள்ள ஒரு பூட்டு வளையம் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார் சொட்டு சார். மாடியக்காவிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டார்.

“நீங்க லிஃப்ட்ல வாங்கக்கா. நான் படியில தூக்கிட்டு வரேன்.”

‘நீங்க’ என்பதையும் ‘அக்கா’ என்பதையும் கேட்டு, குழாயடியில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடியக்கா துடைப்பத்தோடு லிஃப்ட்டில் ஏறினார். இவர் எட்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேன்ட்டின் வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். அது வியர்வை இல்லை.

மாடியக்கா மூடியைத் தொட்டுப் பார்த்தார். “ஈரத்தைப் பாத்தா ஏழு மாடி தாங்கியிருக்கும் சார். வளையம் இன்னும் கொஞ்சம் ஆழமா கடிக்கணும்.”

சொட்டு சார் தொடையைத் தேய்த்துக்கொண்டே முகத்தைச் சுளித்தார். “எரியுதுக்கா.”

“எரியும்ல?” என்றார் மாடியக்கா. “இதைத்தான் சார் நாலு மாசமா சொன்னேன். கஷ்டப்படறவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தா, உங்க காலு எரியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.”

சொட்டு சார் சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். சுவரில் வைத்து, அவர் சொன்னதை அப்படியே, பாதியில் வெட்டாமல் எழுதிக்கொண்டார்.