கலியம்மாளின் பேரின்பம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில், ராசாங்கம் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டாக இருந்த ஊருக்கு 1946-ல் ஒரு பிரசவ விடுதி வந்தது. வந்தது என்று ஊர் சொன்னது. அவரைக் கேட்டால் ‘கொண்டு வந்தேன்’ என்பார். நாலு கட்டில், ஒரு தண்ணீர்த் தொட்டி, வாசலில் அவர் பெயர் பொறித்த ஒரு கல். கல்தான் முதலில் வந்தது. கட்டடம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது.

மருத்துவச்சி கலியம்மாள். கல்யாணமான மறு வருஷமே புருஷன் வாந்திபேதியில் போய்ச் சேர, திருச்சிக்குப் போய்ப் பிரசவம் பார்க்கப் படித்தவள். அங்கே எல்லாருக்கும் வெள்ளைச் சேலையை யூனிபாரம் என்று கொடுத்தார்கள். இவளுக்கு அதைப் புருஷன் ஊரான வேப்பந்தட்டையில் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள்.

வேலை டெம்பரவரி. புது விடுதிக்கு நிரந்தர ஆள்தான் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. திறப்பு விழாவுக்குள் இவளை நிரந்தரமாக்கினால் சரி. இல்லையென்றால் திருச்சியிலிருந்து வேறொருத்தி வருவாள். இவள் வேப்பந்தட்டைக்குத் திரும்பிக் கொழுந்தன் வீட்டில் சாணி அள்ள வேண்டியதுதான். கொழுந்தன் ஒரு நடை வந்து பார்த்துவிட்டும் போயிருந்தான். “அண்ணி இல்லாம வூடே வூடா இல்லைங்க” என்றான். அவன் வீட்டில் வேலைக்காரி நின்றுவிட்டிருந்தாள்.

ராசாங்கம் வழி சொன்னார். “மேடையில ஏறி நாலு வார்த்தை பேசும்மா. ‘பெண்களும் உத்தியோகமும்’னு. கடைசியில வேலைய நிரந்தரமாக்கணும்னு நீயே கேளு. விழாவுக்கு வர்ற பெரிய ஆபீசர் எதிர்ல நான் சரின்னுடறேன். ஜனங்க கைதட்டும்.”

பேச்சைப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர் நல்லதம்பி எழுதிக் கொடுத்தார். ‘சிசுவின் முதற்குரல் என் செவி சேரும்தோறும் நான் எய்தும் பேரின்பத்தை நாவால் நவிலவும் கூடுமோ!’ என்று தொடங்கியது. கலியம்மாளை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் என்ன நினைப்பார்கள் என்பது பண்டிதருக்குப் பாடமாகவே தெரியும்.

கலியம்மாள் அதை மனப்பாடம் செய்தாள். செட்டிகுளத்துக்கு ஒரு பிரசவத்துக்குப் போனபோது, பிள்ளை அழுததும், பேரின்பம் வருகிறதா என்று நின்று பார்த்தாள். வரவில்லை. துக்கமும் வரவில்லை. தொப்புள்கொடி அறுக்க வேண்டும், கால் வலிக்கிறது, இவ்வளவுதான் இருந்தது. முன்பு ஏதோ இருந்ததோ என்று யோசித்தாள். அதுவும் ஞாபகம் வரவில்லை.

விழாவுக்கு முதல் நாள் ராசாங்கம் வீட்டுக்கு ஜோசியர் வந்தார். குத்துவிளக்கு எரிகிற மேடையில் தாலியில்லாதவள் முன்னால் நிற்கலாமா என்று கேட்டுவிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ராசாங்கம் விடுதி ஆயாவிடம் சொல்லி அனுப்பினார்: பேச்சு அப்படியே இருக்கட்டும், அதைத் தன் சம்சாரம் குஞ்சம்மாள் பேசுவாள், கலியம்மாள் பின்கட்டில் இருந்தால் போதும்.

ஆயா இன்னாசிமேரி ஏலாக்குறிச்சிக்காரி. அவளுக்கு வாய் அடங்காது. “ஏன்க்கா, பொறக்குற புள்ள மொதமொதல்ல பாக்குறது உங்க மூஞ்சியத்தானே? அப்ப ஆகுமாம், வெளக்குக்கு ஆகாதாம். வெளக்கு என்ன, பிரசிடெண்டுக்கு மருமவளா?”

“துணி காஞ்சிருக்கா பாரு” என்றாள் கலியம்மாள்.

“உங்களுக்குக் கோவமே வராதா?”

“வரும்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

குஞ்சம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. சாயங்காலம் கலியம்மாளே போய், வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். தனக்குப் பாடமானபடியே, கடைசி வேண்டுகோள் வரை. குஞ்சம்மாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சாமி பாட்டுப் போலத் திருப்பிச் சொன்னாள்.

மறுநாள் காலையில் ராசாங்கத்துக்கு யோசனை வந்தது. பிரசிடெண்டு சம்சாரம் மேடையேறி வேலை கேட்டால் ஊர் சிரிக்காதா? காகிதத்தை எடுத்துக் கடைசி வரியின் மேல் கோடு போட்டு, மனைவி கையில் கொடுத்தார். போர்டு ஆபீசில் அவர் கோடு போட்டால் ரோடே நின்றுபோகும். குஞ்சம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல, ஞாபகத்தில் இல்லை.

கோடு போட்ட செய்தியை இன்னாசிமேரி பின்கட்டுக்குக் கொண்டுவந்தாள். கலியம்மாள் கேட்டுக்கொண்டாள். தகரப்பெட்டியை இறக்கி, தன் சேலைகளை அதில் வைத்தாள். மூடவில்லை.

அரியலூரிலிருந்து வந்த மைக்செட் முதலில் கத்தியது. பிறகு ராசாங்கம் கத்தினார். பெண்குலம், தாய்க்குலம், தியாகக்குலம் என்று ஒவ்வொரு குலமாக அழைத்து வணங்கினார். நிரந்தரம் என்ற வார்த்தையை மட்டும் மறந்தார். அப்புறம், “நம் மருத்துவச்சியின் உள்ளத்தை என் சம்சாரம் உங்கள் முன் திறந்து காட்டுவாள்” என்றார்.

குஞ்சம்மாளின் குரல் ஒலிபெருக்கிக் குழாய் வழியாகப் பின்கட்டுக்கு வந்தது. “சிசுவின் முதற்குரல் என் செவி சேரும்தோறும்...” எங்கும் தடுக்கவில்லை. கடைசி வரியிலும் தடுக்கவில்லை: “தற்காலிகமாய் நிற்கும் இவ்வேழையின் ஊழியத்தை நிரந்தரமாக்கி அருள, தலைவர் அவர்களை வேண்டுகிறேன்.”

குழாயில் ராசாங்கம் இருமுவது கேட்டது. பிறகு பெரிய ஆபீசரின் சிரிப்பு கேட்டது. “வீட்டம்மாவே கேட்டுட்டாங்க. அப்புறமென்ன, மிஸ்டர் ராசாங்கம்? போட்டுருங்க உத்தரவு!” ஜனங்கள் கைதட்டினார்கள்.

“என்... என் திட்டமும் அதுதான்” என்றார் ராசாங்கம், குழாயில்.

இன்னாசிமேரி ஓடி வந்தாள். “அக்கா! ஆயிடுச்சு! மாதாவே, ஆயிடுச்சுக்கா! வேப்பந்தட்டைக்குப் போக வேணாம்!”

கலியம்மாள் பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்துக் கொடியில் திரும்பப் போட்டாள். சந்தோஷம் வரட்டும் என்று கொஞ்ச நேரம் இடம் விட்டு நின்றாள். இனி கிழவியாகி ரிட்டையர் ஆகும் வரைக்கும் இந்தத் துணி, இந்தக் கொதிநீர், இந்தக் கால் என்று ஒரு கணக்குத்தான் வந்தது. கொழுந்தன் வீட்டை நினைத்தாள். அதற்கு இது தேவலை. அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்ததும் குஞ்சம்மாள் பட்டுச்சேலையோடு பின்கட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “அவுங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க. நான் என்ன தப்பாச் சொன்னேன் நர்சம்மா? நீங்க சொன்னதத்தானே சொன்னேன்?”

“தப்பில்லைங்கம்மா. சரியாத்தான் சொன்னீங்க.”

குஞ்சம்மாள் போகவில்லை. புதுக்கட்டிலின் இரும்புக் கம்பியைத் தடவிப் பார்த்தாள். “நெசமாவே அப்படித்தான் இருக்குமா? அந்தப் பேரின்பம்?”

“கால் வலிக்கும்ங்க.”

“வேற?”

“நடு முதுகும்.”

“எனக்கு அதச் சொல்றப்ப ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. என்னமோ நானே போயி பார்த்த மாதிரி.” குரலைத் தாழ்த்தினாள். “இன்னொரு தடவ சொல்லிப் பாக்கட்டுமா? இங்க ஆரும் இல்லையே.”

கலியம்மாள் புதுப் போர்வை ஒன்றை உதறி, ஒரு ஓரத்தை அவள் பக்கம் நீட்டினாள்.

“சொல்லுங்க. இந்த முனைய மட்டும் பிடிச்சுக்குங்க.”