குல்லாய் போட்ட மாவுப் பொட்டலம்

கோதுமை மாவுப் பொட்டலத்துக்குக் குல்லாய் மாட்டுகிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. குல்லாய் மகளுடையது. பொட்டலம், மகளின் எடைக்கு ஏறக்குறைய வருகிற மாதிரி கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தித் தேர்ந்தெடுத்தது. அதைக் கட்டிலின் நடுவில் மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் தானும் சாய்ந்து, "அப்பா இங்கதான் இருக்கேன், பயப்படாதே" என்று ஆறுதலும் சொல்லிவிட்டுத்தான், கொட்டாவி என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த அந்த அப்பன் கண்ணை மூடினான். விடுமுறை நாள், மத்தியான வெயில், நல்ல தூக்கம்.

விழித்தபோது குல்லாய் பத்திரமாக இருந்தது. மாவுதான் அவன் மீசை, காது, தலையணை, போர்வை என்று பாரபட்சம் இல்லாமல் பரவியிருந்தது. பொட்டலம் அவனுடைய விலாவுக்கு அடியில் வாயைப் பிளந்து கிடந்தது.

வாசலில் மனைவி, தோளில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க இது? சிட்டுக்குத் துணையா இன்னொண்ணு பெத்திருக்கீங்களா?"

"சும்மா, ஒரு சோதனை."

"யாருக்குச் சோதனை? போர்வையைத் துவைக்கப் போறது யாரு?"

சிரித்துக்கொண்டே கிட்டே வந்தவள், குல்லாயைப் பார்த்தாள். நசுங்கிய பொட்டலத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. தோளில் இருந்த குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். சிட்டு அவசரக்காரி, நாள் நிறைவதற்கு முன்பே வந்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற உருவத்துக்குத் தொண்டை மட்டும் ஊர்க்கூட்டத்துக்குக் கேட்கும். தொட்டில் முன்னறையில் இருந்தது, ஏனென்றால் படுக்கையறையில் இடமில்லை. ஏன் இடமில்லை என்றால், கொட்டாவி வேலை பார்ப்பது மெத்தைக் கடையில். ஊழியர் விலைக்குக் கிடைக்கிறதே என்று கடையிலேயே பெரிதான, மெதுமெதுப்பான மெத்தையை வாங்கிப் போட்டிருந்தான். சுவரிலிருந்து சுவர் வரைக்கும் மெத்தைதான். பீரோவைத் திறக்கவே அதன்மேல் முட்டி போட்டுத்தான் போகவேண்டும்.

மனைவி முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடந்து நடந்து தேய்ந்து போனாள். காபியில் உப்பைப் போட்டாள். போன வாரம் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடியே தூங்கிப்போய், குழந்தை மடியிலிருந்து சரிகிற நேரத்தில் திடுக்கிட்டு விழித்தாள். அன்றைக்குத்தான் கேட்டாள்: "பேசாம நடுவுல போட்டுக்கலாமா?"

கொட்டாவிக்கு ஆசைதான். அந்தச் சூட்டையும் பால் வாசனையையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கக் கசக்குமா? ஆனால் அவனுக்குத் தன்னைத் தெரியும். அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. வாடிக்கையாளருக்கு மெத்தையைப் படுத்துக் காட்டுவது அவன் வேலை. படுத்ததும் ஒரு கொட்டாவி விடுவான், பார்க்கிறவர்களுக்கும் அது தொற்றிக்கொள்ளும், வியாபாரம் முடிந்துவிடும். சில சமயம் வாடிக்கையாளர் போன பிறகும் அவன் எழுந்திருக்க மாட்டான். அதனால்தான் பிள்ளைக்குப் பதில் மாவை வைத்துப் பார்த்தான்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று மாவு ஒட்டிய விரலால் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், இதுக்கெல்லாமா போன் பண்ணுவ?" என்றாள் அக்கா. "நீ அம்மா அப்பா நடுவுலதான்டா கிடந்த. நல்லாத்தானே இருக்க?"

"இதை நல்லா இருக்கிறதுன்னு சொல்றாங்களா?" என்றாள் மனைவி, அவன் மீசையைத் துடைத்தபடி.

"அப்ப போட்டுக்கலாமா அக்கா?"

"அது உங்க பாடு. நாளைக்கு ஒண்ணுன்னா அக்கா சொன்னான்னு சொல்லுவ."

மறுநாள் முதலாளியிடம் கேட்டான். அவர் எதைக் கேட்டாலும் மெத்தையைப் பற்றித்தான் பதில் சொல்வார். "நம்ம சரக்கு இருக்கும்போது உனக்கென்ன கவலை? குழந்தை பூப்போல கிடக்கும் போ." அந்த 'போ' வேலையைப் பார்க்கப் போ என்கிற அர்த்தத்தில் வந்தது.

போனான். ஒரு கணவன், நிறைமாத வயிற்றோடு ஒரு மனைவி, அவன் வீட்டில் இருக்கிற அதே மெத்தையின் முன்னால் நின்றார்கள். கொட்டாவி படுத்துக் காட்டினான்.

"பாருங்க சார், அப்படியே உள்ள வாங்கிக்கும். படுத்தா ஆளு இருக்கிற இடமே தெரியாது..."

வாய் பாதியில் நின்றது. ஆயிரம் தடவை சொன்ன வாசகம். ஆளு இருக்கிற இடமே தெரியாதாம். மெத்தை அவனை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன உருவம் இருந்தால் அதுவும் அவன் பக்கம்தான் உருண்டு வரும் என்று முதுகுக்குத் தெரிந்தது.

"குழந்தை பொறந்தா கூடவே போட்டுக்கலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அது வந்தும்மா... பொதுவா..." அக்காவின் அந்த நழுவுகிற குரல் தன் வாயிலிருந்து வருவது அவனுக்கே கேட்டது. "இந்த மெத்தை ஸ்டாக் இல்லைங்க."

"அதுமேலதானே படுத்திருக்கீங்க?"

"இது இல்லாத ஸ்டாக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து, மூலையில் யாரும் சீண்டாமல் கிடந்த கெட்டி மெத்தையைக் காட்டினான். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்த பார்வையில் இவன் சம்பளம் கொஞ்சம் கருகியது.

அந்த வாரமே சிட்டுக்குத் தடுப்பூசி. நர்ஸ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குழந்தையை எடை பார்த்தார். "பரவாயில்லையே, சதை போட்டிருக்காளே" என்று கன்னத்தைத் தொட்டார். கொட்டாவி தொண்டையைக் கனைத்தான்.

"சிஸ்டர், பொதுவா சில வீட்டுல, குழந்தையைக் கூடவே போட்டுத் தூங்குறவங்க இருக்காங்க இல்லீங்களா? அந்த மாதிரி ஆளுங்களைப் பத்தி..."

"அந்த ஆளுங்க வரும்போது நான் சொல்லிக்கிறேன். உங்க வீட்டுல என்ன?"

"எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"மாவைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்கன்னா."

சொன்னான். நர்ஸ் முதலில் குலுங்கிச் சிரித்தார். குல்லாய் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த மாதிரி மெத்தை?"

"நல்ல மெத்தைங்க. உள்ள வாங்கிக்கும்."

"தூக்கம் எப்படி?"

"சாதாரணமா..."

"எருமை ஏறி மிதிச்சாலும் தெரியாது சிஸ்டர்" என்றாள் மனைவி. "பஞ்சுத் தூசிக்குத் தும்மல் வருதுன்னு தினமும் மாத்திரை வேற."

"தூக்கம் வர்ற மாத்திரையா?"

கொட்டாவி தரையைப் பார்த்தான். மாத்திரையை அக்காவிடமும் சொல்லவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. யாராவது 'தாராளமாப் போட்டுக்கோ' என்று சொல்லிவிடுவார்கள் என்கிற நப்பாசைதான்.

"ஆமாங்க."

நர்ஸ் சிரிப்பை ஓரமாக வைத்தார். "வேண்டாம். ஒரே படுக்கை வேண்டாம். நாள் நிறையாம பொறந்த பிள்ளை, புதையுற மெத்தை, அதுல இந்த மாத்திரை. நீங்களும் வேண்டாம், இருக்கிற சோர்வுக்கு அம்மாவும் வேண்டாம். தொட்டிலைக் கட்டிலை ஒட்டிப் போடுங்க, எட்டித் தொடுற தூரத்துல. மல்லாக்கப் படுக்க வைங்க. கெட்டியான சமமான மெத்தை, உள்ள தலையணை, பொம்மை, போர்வை ஒண்ணும் கூடாது. சோபாவுல வெச்சிக்கிட்டுத் தூங்கவே கூடாது, அது கட்டிலைவிட மோசம். தூக்கம் சொக்கினா தொட்டில்ல போட்டுடும்மா."

"தொட்டில் வைக்க இடமில்லையே சிஸ்டர்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை அவனுக்குப் புரிந்தது. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் கிடக்கிற அந்தச் சொர்க்கத்தை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டான்.

"இன்னிக்கே திருப்பிக் கொடுத்துடுறேன். சின்னதா, கெட்டியா ஒண்ணு எடுத்துட்டு வரேன். கடையில யாரும் வாங்காத மெத்தை ஒண்ணு இருக்கு."

"மாவு ஒட்டின மெத்தையையா திருப்பி வாங்குவாரு உங்க முதலாளி?"

"தட்டிடலாம்."

நர்ஸ் ஊசியைத் தயார் செய்ய ஆரம்பித்தார். மனைவி குழந்தையின் சட்டைக் கயிற்றை அவிழ்த்தாள். கொட்டாவி மட்டும் எட்டவே நின்றான். மாவு தன் விலாவுக்கு அடியில் பொதபொதவென்று இருந்தது இன்னும் நினைவில் இருந்தது. அன்றிலிருந்து அவன் சிட்டைச் சரியாகத் தூக்கவே இல்லை. மனைவி நீட்டினால் கைகழுவ வேண்டும் என்று நழுவிவிடுவான்.

"சிஸ்டர்," என்றான். "மறைக்காமச் சொல்லுங்க. அப்ப என் பிள்ளைக்கு நான்தான் ஆபத்தா?"

நர்ஸ் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"தூங்கும்போது, ஆமா," என்றார். "இப்ப முழிச்சுத்தானே இருக்கீங்க? வாங்க, வந்து பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்குங்க. ஊசி போடணும்."