மாரெனுக்கென்று வைத்தது

அப்பாவின் காரைத் தாண்டி நான்கு வண்டி தூரம் போய்விட்டேன். விமான நிலைய வாசலில் எப்போதும் நிற்கும் அதே சாம்பல் நிற வண்டிதான். ஆனால் பின் கண்ணாடியில் ஒரு கல்லூரியின் ஸ்டிக்கர் பளபளத்தது. கிழக்குக் கரைக் கல்லூரி. பெயரைச் சொன்னால் அமெரிக்காவின் வடக்கே எங்கள் மினசோட்டாவில் முடிவெட்டுகிறவர்கூடக் கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். நம் வீட்டு வண்டியில் இதெல்லாம் ஏது என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

"என்ன மாரென், சொந்த வண்டியே தெரியலையா? படிச்சுப் படிச்சுக் கண்ணு போச்சா?" என்று இறங்கி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார் அப்பா. வாயெல்லாம் பல். தம்பி நீல்ஸுக்கு அங்கே இடம் கிடைத்ததிலிருந்து இப்படித்தானாம்.

என் பல்கலைக்கழகத்தின் ஸ்டிக்கரை முதல் வருடமே நான் தபாலில் அனுப்பியிருந்தேன். பசை பிடித்துக்கொள்ளும், வண்டியை விற்கும்போது விலை குறையும் என்றார். சமையலறை இழுப்பறையில் தீர்ந்துபோன பேட்டரிகளோடு அது இன்னும் கிடக்கிறது. நானும் பெரிய மனுஷி மாதிரிச் சிரித்து விட்டுவிட்டேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கிழக்குக் கரை எனக்கும் கிடைத்ததுதான். இதே கல்லூரி இல்லை, ஆனால் அதற்குச் சளைத்ததும் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்பு ஓர் ஏப்ரல் மாதம் அப்பா இரண்டு கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார். ஒன்றில் முழுச் செலவும் எங்கள் தலையில். மற்றது தெற்கே, காரில் போனால் இரண்டு நாள் ஆகும் ஒரு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம். மதிப்பெண்ணைப் பார்த்து, படிப்புக் கட்டணமே வேண்டாம், வந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். வெளி மாநிலத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை அப்படித்தான் இழுக்கிறார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

"பாரு கண்ணு, உனக்குச் சேத்து வெச்சது எங்கயும் ஓடிடாது. அங்க நாலு வருஷம் முடிச்சுட்டு நீ டாக்டருக்குப் படிக்கப் போறப்போ அப்படியே எடுத்துக் கையில குடுப்பேன். கடனே இல்லாம டாக்டராகறவங்க எத்தனை பேரு, சொல்லு?"

நம்பினேன். என் கையாலேயே அந்தக் கிழக்குக் கரைக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் 'வரவில்லை' என்று அழுத்திவிட்டுத் தெற்கே போனேன். அக்டோபரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற ஊர். சனிக்கிழமையானால் ஊரே ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு கால்பந்து பார்க்கப் போகும். நான் ஆய்வுக்கூடத்தில் இருப்பேன். நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. இவ்வளவு மார்க் வாங்கிக்கொண்டு இங்கே எதற்கு வந்தாய் என்று அறைத்தோழி கேட்டபோது, "எங்கப்பாவும் நானும் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னேன். பெருமை! இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டேன். "அப்பா, மெடிக்கல் காலேஜுக்கு ஜூன்ல முதல் பணம் கட்டணும். எனக்குச் சேத்து வெச்ச அந்தக் கணக்குலேர்ந்து எடுக்க நான் எங்கயாவது கையெழுத்துப் போடணுமா?"

சாலையோரம் கரையாத பனி அழுக்கு மேடுகளாகக் கிடந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"நேர்ல சொல்லணும்னுதான் டிக்கெட் போட்டு வரவழைச்சேன். அது இப்போ நீல்ஸ் பேர்ல இருக்கு."

"எப்போலேர்ந்து?"

"அவனுக்குக் கடிதம் வந்துதே, மார்ச்ல, அதுக்கு மறுநாள். பேரை மாத்தறது ஒண்ணும் பெரிய வேலையில்ல, ஒரே ஒரு படிவம். அவனுக்குச் சேத்தது ரெண்டு வருஷத்துக்குக்கூடக் காணாதும்மா."

"என் யுனிவர்சிட்டி அவனுக்கும் அதே ஸ்காலர்ஷிப் குடுத்திருக்கே?"

"அவன் உன்ன மாதிரி இல்லடா கண்ணு. நீ எங்க போட்டாலும் முளைச்சுடுவே. அவன் நல்ல எடத்துல போய் உக்காந்தாத்தான் உண்டு. டாக்டருக்குக் கடன் குடுக்க பேங்க்காரன் வரிசையில நிப்பான், நீ ஏன் கவலைப்படறே?"

பாராட்டுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே கழுத்தை அறுத்தார். எனக்குப் போதும் என்று தள்ளிவிட்ட இடம் அவனுக்கு ஆகாதாம். நான் தட்டுத் தடுமாறிப் படித்திருந்தால் பணம் என் பெயரிலேயே இருந்திருக்கும் போல.

வீட்டில் அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கண்ணை மட்டும் பார்க்கவில்லை. மார்ச்சுக்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் பேசினாள். நாயின் பல்வலி வரைக்கும் சொன்னாள்.

"உனக்கும் தெரியும், இல்லையாம்மா?"

"கேக் வெட்டற அன்னிக்கு வேணாம்டி. அவன் சந்தோஷத்தக் கெடுக்காதே" என்று கிசுகிசுத்தாள். மேசையில் கல்லூரியின் நிறத்தில் கேக். கல்லூரிக்குப் பதில் சொல்ல நாளையோடு கெடு முடிகிறது. இன்று மூன்று மணிக்கு எல்லோர் முன்னாலும் நீல்ஸ் லாப்டாப்பில் 'வருகிறேன்' என்று அழுத்த வேண்டும், பெரியப்பா படம் பிடிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

நான் மாடிக்குப் போய் என் பழைய கட்டிலில் உட்கார்ந்தேன். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நீல்ஸ் லாப்டாப்போடு வந்தான். புதுச் சட்டை, நெஞ்சில் கல்லூரியின் பெயர், மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அக்கா, அம்மா இப்பதான் சொன்னாங்க. அது உன்னோடதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அதை நம்பினேன். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"நீ போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இத அழுத்த மாட்டேன். உன் யுனிவர்சிட்டிக்கே போறேன். காசு திரும்ப உன் பேருக்கு வந்துடும்." சொல்லும்போதே அவன் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. நான் என்ன சொல்வேன் என்று தெரிந்து வைத்திருக்கிற சிரிப்பு. இந்த வீட்டில் எல்லோரும் என்னிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். 'போடா பைத்தியம், போய் அழுத்து' என்று பழக்கதோஷத்தில் என் வாயும் தயாராகத்தான் இருந்தது.

"போகாதே" என்றேன்.

அவன் சரியென்று தலையாட்டினான். சிரிப்பு இன்னும் அவன் முகத்திலேயே இருந்தது. கீழேயிருந்து அப்பா, "எல்லாரும் ரெடி! வாங்க ரெண்டு பேரும்!" என்று கூப்பிட்டார். யாரோ கைதட்டினார்கள். நீல்ஸ் லாப்டாப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சட்டையிலிருந்த பெயர் மறைய, அறை வாசலிலேயே நின்றான்.