வெள்ளைக் கிளிமீன்

நாற்பத்தொரு மீன்களுக்கு நிறம் போட்டவள் கைசர் ஜஹான். அதில் ஒன்றைக்கூட அவள் உயிரோடு பார்த்ததில்லை. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அவள் புருஷன் கலீமுல்லா திருவல்லிக்கேணியில் புத்தகம் பைண்டு செய்கிறவர். மயிலாப்பூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் வேதாந்தம் பைண்டிங்குக்குக் கொடுத்த நோட்டின் உள்ளட்டையில் அவள் விளையாட்டாகப் பூவும் கொடியும் வரைந்து அனுப்பப்போக, மனுஷர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவின் கடல் உயிர்களைப் பற்றி அவர் பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே யுத்தத்துக்கு முன்னால் பிடித்தவையெல்லாம் ஃபார்மலின் ஜாடிகளில் கிடந்தன. அந்த ஜாடிகள் ஒவ்வொன்றாகத் திருவல்லிக்கேணிக்கு வந்தன.

ஃபார்மலினில் விழுந்த மீனுக்கு நிறம் ஏது? எல்லாம் ஒரே வெளுப்பு, தண்ணீரில் ஊறிய சோற்றுப் பருக்கை மாதிரி. உருவத்தை அவள் பார்த்து வரைவாள். நிறத்தை மட்டும் பேராசிரியர் துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புவார். 'கிளிமீன்: முதுகு பச்சை, வயிறு மஞ்சள்.' எந்தப் பச்சை? வாழையிலையா, பாசியா, மசூதிக் கொடியா? மூன்று வருஷமாக இந்தக் கேள்வி அவளை அரித்துத் தின்றது. "கண்ணு இருந்தும் குருடி மாதிரி வரையறேங்க" என்று புருஷனிடம் புலம்புவாள்.

நாற்பத்தாறில், யுத்தம் முடிந்து கல்லூரிக்காரர்கள் மறுபடி தீவுக்குக் கிளம்பியபோது, அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. ஒரு வாட்டி அதுங்கள உசுரோட பாத்துட்டு வந்துடறேன்."

கலீமுல்லா தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னார். வேதாந்தம் உடனே சம்மதித்துவிட்டார். "பேஷா வரட்டுமே! சம்சாரத்தை அழைச்சுண்டு நீரும் வாரும், பாய். அடியில கண்ணாடி போட்ட பெட்டி இருக்கு. அதைத் தண்ணி மேல வெச்சுண்டு குனிஞ்சு பாத்தா போறும், பவழப்பாறை, மீன் எல்லாம் பளிச்சுன்னு தெரியும். அதிர்ஷ்டம் இருந்தா கடல்பசுகூட வரும்."

அன்றிலிருந்து கைசர் ஜஹானுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ஒரு கவலை. முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது புர்கா மிதந்து மேலே கிளம்பிவிட்டால்? பீச்சோரக் குப்பத்தில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைப் புருஷனை விட்டு வாங்கிவரச் செய்தாள். புர்காவின் கீழ் ஓரத்தை மடித்து அவற்றை உள்ளே வைத்துத் தைத்தாள். நடந்தால் கணுக்காலில் டொக்கு டொக்கென்று இடித்தது.

"இன்னாடி இது, கப்பலுக்கு நங்கூரமா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. மானமும் போவக்கூடாது, மீனையும் பாக்கணும்."

கிளம்புகிற நாளன்று எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார்கள். மாணவர்கள் நின்றார்கள். கூடவே வேதாந்தத்தின் மனைவி, மனைவியின் தங்கை குடும்பம், புளியோதரைக் கூடைகள். தங்கையின் மகள் கண்ணாடிப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூத்தடித்துக்கொண்டிருந்தாள்.

வேதாந்தம் கலீமுல்லாவைத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஒரு சங்கடம், பாய். ஆத்துல எல்லாரும் தீவைப் பாக்கணும்னு கிளம்பிட்டா. படகுல இடம் போறாது. உம்ம சம்சாரம் முகம் காட்டாத கோஷா வேற. தனி ஜாகைக்கு நான் எங்கே போவேன்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அவளுக்கு வேண்டியதை நானே கொண்டுவந்து தரேன்."

மூன்றடி தள்ளி நின்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயில் போய்விட்டது. டிராம் நிற்கும் இடம்வரை, பிறகு வீடுவரை, ஈயக் குண்டுகள் காலை இடித்துக்கொண்டே வந்தன. அவமானம் என்றால் அப்படியொரு அவமானம். முகத்திரைக்குள் அவள் அழுதது புருஷனுக்குக்கூடத் தெரியாது.

பத்தாம் நாள் வேதாந்தம் வீட்டுக்கே வந்தார். வெயிலில் மூக்கு தோலுரிந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. கைசர் ஜஹான் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். அவர் ஒரு ஜாடியை மேஜைமேல் வைத்தார்.

"உம்ம சம்சாரத்துக்குன்னே பிடிச்சேன். கிளிமீன். அடடா, தண்ணிக்குள்ள அது என்ன நிறம்! பச்சை, அதுக்குள்ள நீலம், ஓரத்துல ரோஸ். கண்ணை எடுக்கவே முடியலை! கெட்டுப்போயிடப்போறதேன்னு உடனே ஃபார்மலின்ல போட்டுட்டேன்."

ஜாடிக்குள் வெளுத்துப்போன மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

மனுஷர் கேலி செய்யவில்லை. மனசாரத்தான் கொடுத்தார். அதுதான் கொடுமை. "அப்புறம் பாய், ஏழெட்டுப் படத்துல நிறம் சுத்தத் தப்பு. நேர்ல பாத்தாத்தானே தெரியறது! எழுதித் தரேன், திருத்தச் சொல்லும். ரெண்டு வாரத்துல அச்சுக்குப் போகணும்."

"சரின்னு சொல்லுங்க" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

படங்கள் எல்லாமே அவளிடம்தான் இருந்தன; இரண்டு வாரமும் அவற்றோடுதான். புர்காவிலிருந்து பிரித்தெடுத்த ஈயக் குண்டுகளைத் தாளின் மூலைகளில் பாரமாக வைத்து, ஜாடியை எதிரில் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். கலீமுல்லா எட்டிப் பார்த்தால் துணியைப் போட்டு மூடிவிடுவாள்.

வேதாந்தம் வந்து படக்கட்டைப் பிரித்தார். நாற்பத்தொரு மீன்களும் வெள்ளையாக இருந்தன. செதில் ஒன்று தவறவில்லை, துடுப்பில் முள் ஒன்று தவறவில்லை. மூன்று வருஷத்துப் பச்சையும் மஞ்சளும் நீலமும் அந்த வெள்ளைக்குக் கீழே போய்விட்டன.

"ஐயோ! நிறம் எங்கே ஓய்?" அவர் தாள்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"அடிப்பாவி, இன்னா காரியம் பண்ணிட்டே!" என்று கலீமுல்லா தலையில் அடித்துக்கொண்டார்.

திரை விலகவில்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் அவரிடம் நேராகப் பேசினாள்.

"நீங்க குடுத்த ஜாடில கீறதத்தான் போட்டுகீறேன், சார். நான் நேர்ல பாத்தது அவ்ளோதான். நிறமெல்லாம் தீவுலயே கீது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர் படங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இறங்கிப் போனார். கைசர் ஜஹான் வெளியே வந்து, கிளிமீன் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தான் போட்ட பச்சை அடியில் எங்கேயாவது தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெரியவில்லை. அவ்வளவு தடிப்பாகப் பூசியிருந்தாள்.