சொர்ணத்தின் பெயர் இல்லாத பட்டியல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவர் என் கொள்ளுத்தாத்தா, உபதேசியார் யோசுவா நாகப்பன். மாங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சேரி, அதில் கூரை வேய்ந்த சின்ன வேதக்கோயில். அதற்கு அவர்தான் பொறுப்பு. நடந்ததைத் தன் மகனிடம் சொல்லி அழுதாராம். மகன் என் அப்பாவிடம் சொன்னார், அப்பா போன வருஷம் அதை என் தலையில் கட்டினார். வேறு சொத்து ஒன்றும் வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1926 பங்குனி. செம்பரம்பாக்கம் ஏரியின் மேல் வெயில்…’ சீ, ஏரி இங்கே என்ன செய்யப்போகிறது?

2

சொர்ணம் களையெடுக்கப் போகிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஞானஸ்நானம் வாங்கி ஆறு வருஷம். வேதத்தில் பத்து வசனம் தெரிந்தால் அதிகம், அதிலும் இரண்டைக் கலந்துதான் சொல்வாள்.

அவள் வேலை செய்த வயல்காரர் வீட்டில் ஒன்பது வயசுப் பூங்காவனத்துக்கு வைசூரி கண்டது. தகப்பன் மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலப்பன்சாவடிக்கு ஓடிவிட்டார். தாய் வரலட்சுமி மட்டும் மகளோடு கிடந்தாள். ஊரில் ஒரு கதவு திறக்கவில்லை. அதுவரை தன்னைக் கொல்லையில் நிற்கவைத்துக் கையில் கஞ்சி ஊற்றிய வீட்டுக்குள் சொர்ணம் பின்வாசல் வழியாக நுழைந்தாள். பதினாறு நாள் வெளியே வரவில்லை.

(ஏன் போனாள்? கிறிஸ்துவின் அன்பைப் பற்றி அவள் வாயில் ஒரு பக்கம் எழுதிவைத்தேன். பிரமாதமாக வந்தது, கிழித்துப்போட்டேன். அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை. பிற்பாடு என் கொள்ளுத்தாத்தாவிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: “தாயும் கொயந்தையும் தனியா கீறாங்கன்னாங்க, போனேன்.”)

3

வைசூரி கண்ட உடம்பில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்பது ஊர் வழக்கம். பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ‘ஆத்தா’ என்றுதான் கெஞ்ச வேண்டும். பூங்காவனமும் அதையே நம்பினாள். தொண்டையெல்லாம் கொப்புளம்; பேர் சொல்லி இளநீர் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டாள். சொர்ணம் மண்டி போட்டுக் கைகூப்பினாள். ஆத்தா, ஒரு முடக்குக் குடிம்மா என்றாள். குழந்தை குடித்தது.

பதினாறு நாளும் அப்படித்தான். இயேசுவின் பேரை அந்த வீட்டில் அவள் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. குழந்தை பிழைத்தது, ஒரு கண் போயிற்று.

எவளும் எட்டிப் பார்க்காதபோது நீ ஏன் வந்தாய், உங்கள் சாமி அனுப்பிற்றா என்று வரலட்சுமி கேட்டாள்.

“அது அப்டிதாம்மா,” என்றாள் சொர்ணம். “சும்மா கெடக்க வுடாது.”

4

வெள்ளைக்காரக் குருவானவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து இராப்போஜனம் கொடுப்பார்; இயேசுவின் உடம்பு என்று ஒரு சின்ன அப்பத் துண்டு. அப்பம் வாங்க நினைப்பவர்கள் இரண்டு வாரம் முன்பே உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். அவர் விசாரித்துத்தான் பட்டியலில் எழுதுவார். பேர் கொடுக்கப் போன சொர்ணம், யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

“கொயந்தைக்காவத்தான் கும்புட்டேன் அய்யா. தப்பா?”

விக்கிரக ஆராதனை என்றார். பேரை எழுதவில்லை.

(அவர் பக்கமும் ஒரு நியாயம்… இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தார், வீட்டில் ஐந்து பிள்ளைகள். நாலு தடவை எழுதி நாலு தடவையும் அவரைக் காப்பாற்றப் பார்த்தேன். தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும், என்ன செய்ய?)

அடுத்த வாரம் சொர்ணத்துக்கே வைசூரி போட்டது.

5

இராப்போஜன ஞாயிற்றுக்கிழமை குருவானவர் வந்தார். பட்டியல்படி அப்பம் கொடுத்து முடித்த நேரம், கோயில் வாசலில் வரலட்சுமி வந்து நின்றாள். ஊர்த்தெருப் பெண் யாரும் அதற்கு முன் சேரிக்குள் கால் வைத்ததில்லை. அவளோ மூன்று நாளாகச் சொர்ணத்தின் குடிசையில்தான் இருந்தாள்.

“ஒங்க சாமி எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாது. சொர்ணத்தப் பாத்துத்தான் தெரிஞ்சிகினேன்,” என்றாள். “அவ சாவக் கெடக்கறா. அந்த அப்பத்துல ஒரு துண்டு கேக்கறா.”

குருவானவருக்குப் புஸ்தகத் தமிழ் மட்டும்தான் ஓடும். என்ன சொல்கிறாள் என்று என் கொள்ளுத்தாத்தாவைப் பார்த்துக் கேட்டார்.

முடிவு அ: அவர் உள்ளதைச் சொன்னார். குருவானவர் அப்பத்தோடு குடிசைக்கு ஓடி… (என் மனைவி படித்துவிட்டு அழுதாள். பொய்.)

முடிவு ஆ: அவர் பேச நாவெழாமல் வரலட்சுமியின் காலில்… (இதுவும் பொய்.)

“ஜுரத்துக்கு மருந்து கேட்கிறாள், துரை,” என்றார்.

குருவானவர் பையிலிருந்து ஒரு கொய்னா மாத்திரையை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வட்டமாக, வெள்ளையாக இருந்தது. வரலட்சுமி அப்பத்தை எங்கே பார்த்தாள்? அதுதான் அப்பம் என்று இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். கொள்ளுத்தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

சொர்ணம் அன்று சாயங்காலமே செத்துப்போனாள். மறுநாள் வரலட்சுமி அவரிடம் வந்து, குடுத்துட்டேன், முயுங்கிட்டா என்று மட்டும் சொன்னாளாம்.

6

சொர்ணம் முன்னே அப்பம் வாங்கியிருக்கிறாள். ருசி தெரியும். கொய்னாவோ குடலைப் புரட்டும் கசப்பு. அதை அவள் வாயில் வைத்துவிட்டு வரலட்சுமி, ‘இதானா ஒங்க சாமி?’ என்று ஆசையாகக் கேட்டிருப்பாள். சொர்ணம் என்ன சொன்னாள்?

எனக்குத் தெரியாது. அந்தக் குடிசைக்குள் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் போகவில்லை. எழுதும்போது நானும் வாசலோடு நின்றுவிடுகிறேன். நீங்களாவது உள்ளே போய்ப் பாருங்கள்.