பக்கம் இல்லாத நாள்

"மாடு கொறைஞ்சிடுச்சு, பாலு கூடிடுச்சுன்னு போட்டிருக்கேம்மா. அப்ப மிச்சப் பாலை யாரு குடுக்குறா?"

பூமிகா இதைக் கேட்டபோது நாலாம் வகுப்பில் இருந்தாள். போன கார்த்திகையில், பால் ஒன்றியத்திலிருந்து வந்த கடிதத்தை அவள் எழுத்துக்கூட்டி வாசிக்க, அம்மா கமலவல்லி கேன்களைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். மன்னார்குடிக்கு மேற்கே இருக்கும் அந்தச் சிற்றூரின் மகளிர் பால் சங்கத்துக்குக் கமலவல்லிதான் செயலாளர்.

"இருக்குற மாடு ரெண்டு பங்கு கறக்குதுடி."

"பாவம்மா. அதுக்குக் கால் வலிக்காதா?"

கமலவல்லி கையைத் துடைத்துக்கொண்டாள். கடிதத்தை வாங்கி மீதியைத் தானே படித்தாள். நாட்டு மாடுகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன, கலப்பின மாடுகள் பெருகுகின்றன, நாட்டின் பால் உற்பத்தி ஏறிக்கொண்டே போகிறது என்று முதல் பத்தி சொன்னது. அதில் அவளுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. சங்கம் தொடங்கிய வருடம் ஊரில் தொண்ணூறு மாடு இருந்தது, நூற்று இருபது லிட்டர் வந்தது. இப்போது முப்பத்துநாலு மாடு, நூற்று அறுபது லிட்டர்.

இரண்டாம் பத்திதான் புதிது. மாடு குறைந்த ஊர்களில் சிறிய சங்கங்களை இணைக்கப் போகிறார்கள். தொடர்ந்து ஏழு நாள் அளந்து பார்ப்பார்கள். சராசரி நூற்று ஐம்பது லிட்டருக்குக் கீழே போனால் பால் வண்டி அந்த ஊருக்கு வராது. பாமணி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சங்கத்துக்குப் போய்த்தான் ஊற்ற வேண்டும்.

அக்கரை நாலு கிலோமீட்டர். காலையில் ஐந்தரைக்குள், மாலையில் நாலரைக்குள். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் போவார்கள். ஒற்றை மாடு வைத்து மூன்று லிட்டரைத் தூக்குவாளியில் கொண்டுவரும் ராசம்மாள் போக மாட்டாள். அவளையும் சேர்த்து அப்படிப் பதினோரு பெண்கள் இருந்தார்கள். வண்டி நின்றால் ஒரு மாதத்துக்குள் அந்தப் பதினோரு மாடும் சந்தைக்குப் போய்விடும் என்பது கமலவல்லிக்குத் தெரியும்.

எந்த வாரம் அளக்கலாம் என்று சூப்பர்வைசர் வெற்றிசெல்வன் போனில் கேட்டார். ஓசூர்ப் பக்கத்துக்காரர். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"பொங்கல் வாரமே வச்சுக்குங்க தம்பி. அறுப்பு தொடங்கிடும், புது வைக்கல் இருக்கும், கரும்புத் தோகை இருக்கும். மாடு நல்லாக் கறக்கும்."

"நல்லா யோசிச்சுட்டீங்களாக்கா? அப்புறம் மாத்த முடியாது."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

அந்த வாரம் வந்தது. திங்கட்கிழமை நூற்று அறுபத்திரண்டு லிட்டர். வண்டி போனதும், போன வருடம் இதே வாரம் எப்படி என்று பார்ப்பதற்காகக் கமலவல்லி பழைய நோட்டை எடுத்தாள். நாளுக்கு ஒரு பக்கம். போகிக்கு ஒரு பக்கம், தை ஒன்றுக்கு ஒரு பக்கம். புரட்டினால் தை மூன்று.

அவள் விரல் அங்கேயே நின்றது. அதற்கு முந்தைய வருட நோட்டிலும் அப்படித்தான். தை இரண்டுக்குப் பக்கமே இல்லை.

மாட்டுப் பொங்கலன்று அந்த ஊரில் யாரும் மடியைத் தொடுவதில்லை. அன்றைய பால் முழுவதும் கன்றுக்கு. ஊற்ற யாரும் வராத நாளுக்கு நோட்டில் பக்கம் எதற்கு என்று முதல் செயலாளர் விட்டிருந்தார். அதையே பார்த்துப் பழகியதால் அந்த நாள் அவளுடைய கணக்கிலும் நாளாகவே இல்லாமல் போயிருந்தது. பதினான்கு வருடமாக அவளும் அதே ஊரில் மாடு கறக்கிறாள். இருந்தும் வாரத்துக்கு ஏழு நாள் என்று எண்ணியபோது இது தோன்றவே இல்லை.

உடனே போன் போட்டாள்.

"தம்பி, வெள்ளிக்கிழமை எங்க ஊர்ல பாலே வராதுங்க. அந்த நாளை விட்டுட்டு அடுத்த நாளைச் சேர்த்துக்கலாமா?"

"ஏழுன்னா ஏழுதான்கா. மெஷின்ல தேதி தானா ஏறும். நான் கை வைக்க முடியாது." பிறகு, "உண்மையிலயே ஒரு சொட்டுக்கூடக் கறக்க மாட்டீங்களா?" என்றார்.

"மாட்டோங்க."

மறுநாள் காலை, பால் ஊற்ற வந்த பெண்களை நிறுத்திக் கமலவல்லி உள்ளதைச் சொன்னாள். தப்பு தன்னுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஏழு நாளைக்கு ஆயிரத்து ஐம்பது லிட்டர் வேண்டும், மற்ற ஆறு நாள் பாலில் அதற்கு எழுபத்தெட்டு லிட்டர் குறையும்.

"அன்னைக்குக் காலையில மட்டும் பாதி கறந்துட்டா என்னக்கா?" என்றாள் மாலதி. ஊரில் அதிகம் ஊற்றுபவள் அவள்தான். "சாயந்தரம் கன்னு குடிச்சுக்கட்டுமே."

ராசம்மாள் தூக்குவாளியை டங்கென்று கீழே வைத்தாள். "வருசத்துல முன்னூத்தி அறுபத்தி நாலு நாளு அதும் வாயிலேர்ந்து புடுங்குறோம். ஒரு நாளு விட்டா உனக்குக் கொள்ளையா போயிடும்?"

"பெரியம்மா, வண்டி நின்னா மொதல்ல நிக்கிறது உங்க மாடுதான்."

"நிக்கட்டும்டி. அதுக்காக மடியில கை வைக்கச் சொல்றியா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப கேனுல ரெண்டு குடம் தண்ணி ஊத்திடுவோம். ஆத்துலதான் தண்ணி போவுதே" என்றாள். சிலர் சிரித்தார்கள். கமலவல்லி சிரிக்கவில்லை.

"கறக்கவும் வேணாம், தண்ணியும் வேணாம். வீட்டுக்கு வச்சுக்குற பால் இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை வரைக்கும் அதைக் கொண்டாங்க. வரக்காப்பி குடிப்போம்."

"பொங்கலுக்கு மாப்பிள்ளை வர்றாரே அக்கா, அவருக்கும் வரக்காப்பியா?"

"ஒரு வாரம் குடிச்சா ஓடியா போயிடுவாரு?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வீட்டுப் பால் எல்லாம் சேர்ந்தாலும் நாளுக்கு ஆறு லிட்டர்தான் தேறும். ஐந்து நாளைக்கு முப்பது. மீதி நாற்பத்தெட்டுக்கு ஊரில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

மெயின்ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் ஹாஃபிஸாவிடம் மூன்று கலப்பின மாடுகள். காலை பன்னிரண்டு லிட்டர், மாலை பன்னிரண்டு லிட்டர். எல்லாம் கடைக்கே போய்விடும். போன ஆடியில் ஒரு நாள் பால் மிஞ்சி, சங்கத்துக்குக் கொண்டுவந்தாள். மெஷினில் சத்து குறைவாகக் காட்டியது. பத்துப் பேர் வரிசையில் நிற்க, கமலவல்லி அதைத் திருப்பி அனுப்பினாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அன்று முற்பகல் கமலவல்லி கடைக்குப் போனாள். ஹாஃபிஸா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஆற்றினாள்.

"என்ன கமலவல்லி, மெஷின் அனுப்பிச்சா?"

"மெஷின் அனுப்பலக்கா. நானா வந்தேன்." சொல்ல வந்ததைச் சொல்லாமல் கேட்க வந்ததைக் கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தாள். "அன்னைக்குப் பாலைத் திருப்பினது சரிதான். ஆனா அத்தனை பேரு முன்னாடி திருப்புனது தப்பு. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்."

ஹாஃபிஸா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இதை அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"கால் வரலக்கா."

"என் மாடு என்ன பண்ணும்? எங்களுக்கு நிலமா, நீச்சா? அறுத்த சூட்டோட வயல்லயே வைக்கலை உருட்டி லாரியில ஏத்திட்டுப் போயிடுறானுவ. ரெண்டு கட்டுக் குடுன்னு கேட்டா, மொத்தமா எடுத்தாத்தான் உண்டுங்குறான். வாய்க்கா ஓரத்துப் புல்லை மட்டும் தின்னா பாலு தண்ணியாத்தான் இருக்கும். இப்பத்தான் அங்க இங்க அலைஞ்சு கொஞ்சம் வாங்கிப் போடுறேன்." வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு, "சரி, என்ன வேணும்?" என்றாள்.

கமலவல்லி சொன்னாள். ஹாஃபிஸா விரல்விட்டு எண்ணினாள்.

"வெள்ளிக்கிழமை எங்க மாட்டுக்கு ஒண்ணும் பொங்கல் இல்ல. ரெண்டு வேளைப் பாலும் தர்றேன். சனி, ஞாயிறு காலைப் பால் தர்றேன். அதுக்கு மேல கேக்காத. ஊருக்கு வந்த சனமெல்லாம் ஞாயித்துக்கிழமை சாயந்தரம்தான் பஸ்ஸுக்கு நிக்கும். அந்த ஒரு பொழுதுதான் எனக்குப் பொங்கல்."

"போதும்கா. இன்னைக்கே உங்களை உறுப்பினராச் சேத்துடுறேன்."

"டீ குடிச்சிட்டுப் போ."

"வரட்டீயாக் குடுங்க."

மாட்டுப் பொங்கலன்று காலை ஊர் முழுக்க மாடு குளிப்பாட்டும் சத்தம். சாயம் பூசிய கொம்புகளோடு பசுக்கள் நிற்க, கன்றுகள் மடியை முட்டி முட்டிக் குடித்தன. கமலவல்லி தன் மாட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்து சங்கத்தைத் திறந்தாள். புது நோட்டில் தை இரண்டுக்கு ஒரு பக்கம் திறந்தாள். சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எழுதினாள்.

ஹாஃபிஸா கேனோடு வந்தாள். மெஷின் நல்ல பால் என்று காட்டியது. அதை இருவரும் பார்த்தார்கள். இரண்டு வேளைக்கும் சேர்த்து இருபத்திரண்டு லிட்டர்தான் வந்தது.

"ரெண்டு லிட்டர் கொறையும். கன்னு ரெண்டும் வயிறு முட்டக் குடிச்ச பெறகுதான் கறந்தேன். உங்க மாட்டுப் பொங்கல் நாளு பாரு" என்றாள் ஹாஃபிஸா.

அந்த இரண்டு லிட்டருக்காகக் கமலவல்லி வருத்தப்படவில்லை. மனிதர்கள் ஒருவர் வழக்கத்தை ஒருவர் கேட்காமலே காக்கும்போது கடவுள் அருகில் நிற்கிறார் என்பது அவள் நம்பிக்கை.

வருத்தம் ஞாயிறு மாலை வந்தது. பொங்கல் பானைக்குப் போனது, விருந்தாளிகளுக்குப் போனது என்று வீட்டுப் பால் நினைத்த அளவு சேரவில்லை. கடைசித் தூக்குவாளியையும் ஊற்றிய பிறகு கமலவல்லி கூட்டிப் பார்த்தாள். பதினோரு லிட்டர் குறைந்தது. பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். வண்டி வர இருபது நிமிடம் இருந்தது.

"அக்கா, நல்ல பால் இவ்வளவு இருக்கு. பதினோரு லிட்டர் தண்ணி கலந்தா மெஷினுக்கு அவ்வளவாத் தெரியாது" என்றாள் மாலதி மெதுவாக. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ராசம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் மாலதி."

"பதினோரு மாடுக்கா."

"தெரியும். நாளைக்கு நானே ஒன்றியத்துல போய் உக்காந்து கேக்குறேன். மறுபடி அளங்கன்னு கேக்குறேன். குடுக்கலன்னா பதினோரு வீட்டுப் பாலையும் நானே மொபெட்ல ஏத்திக்கிட்டு அக்கரைக்குப் போறேன், ரெண்டு வேளையும். தண்ணி ஊத்த மாட்டேன்."

குழாயடியிலிருந்த குடத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, மொத்தத்தை உள்ளபடியே எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தாள். அப்போது வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. ஹாஃபிஸாவின் கணவர் ஜாஹித் கேனைப் பிடித்துக்கொண்டு வர, பின்னால் ஹாஃபிஸா வேர்க்க வேர்க்க நடந்து வந்தாள்.

"எழுதிட்டியா? இரு. பன்னெண்டு லிட்டர் இருக்கு."

"அக்கா, பஸ்ஸுக்கு..."

"கடையைச் சாத்திட்டு வந்துட்டேன். சங்கத்துலேர்ந்து வந்த உன் மகள்ட்ட எத்தனைன்னு கேட்டேன், கொறையுதுன்னா. ஊத்து ஊத்து, வண்டி வந்துடப் போவுது."

மொத்தம் ஆயிரத்து ஐம்பத்தொன்று. வேண்டியது ஆயிரத்து ஐம்பது. வெற்றிசெல்வன் மெஷினில் பார்த்து, மறுபடியும் பார்த்து, "ஒரு லிட்டர்ல தப்பிச்சுட்டீங்கக்கா" என்றார்.

வண்டி நிற்கவில்லை. மறுநாள் ராசம்மாள் தன் மூன்று லிட்டரோடு எல்லோருக்கும் முன்னால் வந்து வரிசையில் நின்றாள்.

ஹாஃபிஸாவுக்குச் செய்ய வேண்டிய ஒன்று மட்டும் கமலவல்லியின் மனத்தில் நின்றுகொண்டே இருந்தது. பாலுக்கு உரியது சங்கத்திலிருந்து அவளுக்குப் போய்விட்டது. சாத்திய கடைக்கு யார் தருவது? கையில் கொடுத்தால் ஹாஃபிஸா வாங்க மாட்டாள். வாங்கினாலும் அதற்கு மேல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

தை கடைசியில் கமலவல்லியின் ஒரு ஏக்கரும் அறுப்பானது. வைக்கோல் கட்டும் மெஷின் உருட்டிப் போட்ட கட்டுகளுக்கு லாரிக்காரன் வந்து நின்றான். வழக்கமாகத் தன் மாட்டுக்கு முப்பது கட்டை எடுத்துவைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவாள். இந்த முறை ஐம்பது எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜாஹித் தொழுகைக்குப் போயிருப்பார், ஹாஃபிஸா கடையில் இருப்பாள். மொபெட்டில் முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. வாய்க்கால் கரை வழியாகப் பத்து நடை. ஹாஃபிஸாவின் கொட்டகையில் இருந்த புல் காலையிலேயே தீர்ந்திருந்தது. ஒரு கட்டைப் பிரித்து மூன்று மாடுகளுக்கும் போட்டாள். மற்றதை ஈரம் படாதபடி செங்கல் பரப்பி அடுக்கி, தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

மாடுகள் தலை நிமிராமல் தின்றன. கமலவல்லி புடவையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, மொபெட்டைக் கிளப்பாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனாள்.