திறந்துவைக்கப்படாத ஆறு

பன்னீர்ப்பொத்தையில் ஆறு இன்னும் திறந்துவைக்கப்படவில்லை. அதனால் ஓடவில்லை.

முப்பிடாதியும் சிநேகிதிகள் தங்கபுஷ்பமும் இசக்கியம்மாளும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தண்ணீர் படித்துறையில் நின்றுகொண்டிருந்தது. ஓர் அலை பாதி எழும்பி அப்படியே இருந்தது. மீன்கள் வரிசையில் நின்றன. கரை நெடுக ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

மூவரும் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவு. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நின்ற நிற்புதான். முப்பிடாதி பதினாலு வருஷமாக நிற்கிறாள். அவளுக்குக் கணுக்கால் இருந்த இடத்தில் இப்போது வீக்கம் இருக்கிறது. மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு விழுவது வருஷத்துக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளில் அவளுக்கு ஒரே காரியம்தான் ஆக வேண்டும். ஓடுகிற தண்ணீரில் காலை வைக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றினாள்.

"கழத்தாதிய, கழத்தாதிய!" என்று ஒருவர் ஓடி வந்தார். பொன்னாடைகளுக்கு நடுவே மீசை மட்டும் தெரிந்தது. விழாக்குழுச் செயலாளர் குற்றாலிங்கம்.

"காலுக்கு அழைப்பிதழ் இருக்கா?"

"காலுக்கா?"

"எடது, வலது, ரெண்டுக்கும் தனித்தனியா வேணும். எது முதல்ல எறங்கணும்னு குழுவுல இன்னும் தீர்மானம் ஆகல. சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பன வெட்டட்டும், பொறவு பாப்போம்."

"எப்ப வருவாரு?"

"வந்துக்கிட்டே இருக்காரு."

"எப்போலருந்து?"

"எங்கப்பா செயலாளரா இருக்கும்போதே பொறப்பட்டுட்டாரு."

அந்த நேரத்தில் அவருடைய போனுக்குத் தகவல் வந்தது. விருந்தினர் நாற்பத்தொன்றாவது வளைவைத் தாண்டிவிட்டாராம். இவர்கள் வரும்போது மலைப்பாதையில் மொத்தமே ஒன்பது வளைவுதான். பெரிய மனிதர் வருகிறாரே என்று பாதை தன்னைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு மரியாதை செய்கிறது என்றார் குற்றாலிங்கம்.

ஊர் நிற்கிற குன்றான பொத்தையும் அப்படி மரியாதையில் வந்ததுதான். அவருடைய தாத்தா காலத்தில் அது சமதரை. தினமும் விழாவுக்கு ஒத்திகை நடக்கும். ஒத்திகை என்றால் பொன்னாடை உண்டு. ஒருவருக்கொருவர் போர்த்தி, கழற்றிப் போட்டு, போட்டதன்மேல் மறுநாள் ஏறி நின்று மறுபடி போர்த்தி, ஊர் மெல்ல மெல்ல உயர்ந்துவிட்டது. முப்பிடாதி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். பாலியெஸ்டர். ஜரிகை ஒரு துவைப்புக்குத் தாங்காது.

படித்துறைக்கு மேலே மேடை. எதிரே ஊர் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சிலருக்கு உட்கார்ந்தபடியே வயசாகியிருந்தது. மைக்கில் ஒருவர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஆற்றுகிறார். இன்னும் "அவர்களே" முடியவில்லை. ஆட்களையெல்லாம் விளித்து முடித்து இப்போது ஆடுகளுக்கு வந்திருந்தார். "கருப்பு வெள்ளாடு அவர்களே, அதன் இளைய குட்டி அவர்களே…"

குற்றாலிங்கம் முதலில் தங்கபுஷ்பத்தின் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். அது வழுக்கியது. தங்கபுஷ்பத்தின் கைகள் தாமாகவே இரண்டு முனையையும் பிடித்து, மோவாயில் இடுக்கி, நாலாக மடித்து, ஒரு தட்டுத் தட்டின. நாளைக்கு முந்நூறு சேலை மடிக்கிற கைகள். அவற்றுக்கு வேறென்ன தெரியும்?

"மடிச்சுட்டாங்க!" என்று மைக் அலறியது. "அம்மா ஏத்துக்கிட்டாங்க! அம்மா முன்னிலை வகிக்கிறாங்க!"

கைதட்டல். தங்கபுஷ்பத்தை மேடையில் உட்கார வைத்தார்கள்.

"ஏட்டி, மெத்த வச்ச நாற்காலிட்டி!" என்று அவள் அங்கிருந்து கூவினாள். "யாரும் எந்திரின்னே சொல்லல!"

சொன்ன வாய் அப்படியே புன்னகையில் நின்றது. கைகள் கூப்பிக்கொண்டன. உடம்பு தட்டையாகி ஓரம் மினுங்கியது. நாலு மூலையிலும் கயிறு முளைத்தது. தங்கபுஷ்பம் ஃப்ளெக்ஸ் போர்டாகிவிட்டாள். பெயருக்கு மேலே 'ஜவுளிச் சுடர்' என்று பட்டமும் இருந்தது.

இசக்கியம்மாள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் கண் மடித்த பொன்னாடையில் இருந்தது.

"ஓரம் ஒத்து வரலியே. என்ன மடிப்பு மடிச்சிருக்கா இவ?"

"இசக்கி, தொடாத!" என்றாள் முப்பிடாதி.

அதற்குள் அவள் பிரித்து மறுபடி மடித்துவிட்டாள். அவளும் தட்டையாகி, வாழ்த்துரைக்கு இரண்டாவது ஃப்ளெக்ஸாக எழும்பினாள். 'மடிப்புத் திலகம்.'

மூன்றாவது பொன்னாடை முப்பிடாதிக்கு. தோளில் விழுந்தது, வழுக்கியது. அவளுக்கு விரல் பத்தும் அரித்தது. கைகளைப் பின்னால் கட்டி இறுக்கிக்கொண்டாள். பொன்னாடை தரையில் விழுந்தது. குற்றாலிங்கம் இன்னொன்றை எடுத்துப் போர்த்தினார். விழுந்தது. ஏழு தடவை போர்த்தினார். ஏழு தடவையும் விழுந்தது. பொத்தை அரை விரற்கடை உயர்ந்தது.

"உக்காருங்கம்மா. எம்புட்டு நேரந்தான் நிப்பிய?"

மெத்தை வைத்த நாற்காலி ஒன்று அவளை நோக்கி இரண்டடி நகர்ந்து வந்தது. "உக்காரேன்," என்றது அவளுடைய இடது கணுக்கால்.

"வாய மூடு. ஆத்துலதான் உனக்கு எடம்," என்றாள் அதனிடம்.

குற்றாலிங்கம் பட்டியலைப் புரட்டினார். தலைமை நிரம்பிவிட்டது. முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் நிரம்பிவிட்டன. கடைசி வரி மட்டும் காலி. விழா அதுவரை போனதே கிடையாது.

"சரி, நீங்க நன்றியுரை. கடைசில கூப்பிடுவோம். அதுவரைக்கும் உக்காருங்க."

"இப்பவே சொல்லிருதேன்."

"ஆடே இன்னும் முடியலியேம்மா!"

முப்பிடாதி மைக்கைப் பிடுங்கினாள். "எல்லாருக்கும் நன்றி," என்றாள்.

நன்றியுரை என்று காதில் விழுந்தால் எழுந்துவிட வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் தெரிந்ததுதான். இரண்டாவது வாக்கியத்துக்கு ஒருவரும் காத்திருக்கவில்லை. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் முழங்கால் சொடுக்கி எழுந்தது. பொன்னாடையை உதறியது. செருப்பைத் தேடியது. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடுக்கிக்கொண்டன. ஃப்ளெக்ஸ்களின் கயிறு அவிழ்ந்தது. தங்கபுஷ்பம் தொப்பென்று கீழே விழுந்து பழைய பருமனுக்கு வந்தாள்.

"யாருட்டி என்ன எறக்கினா?" என்றாள். பக்கத்தில் இசக்கியம்மாள் விழுந்தாள். அவளுக்கு ஒரு காது மட்டும் இன்னும் மினுங்கியது.

முப்பிடாதி ரிப்பனைத் தூக்கி அடியில் புகுந்தாள். இடதா வலதா என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள்.

அலை விழுந்தது. ஆறு ஓடியது.

சில்லென்றிருந்தது. கணுக்காலிலிருந்து பதினாலு வருஷமும் கலங்கலாக இறங்கிக் கீழ்த்திசையில் போயிற்று.

அப்போது கார் வந்து நின்றது. கஞ்சி போட்ட வேட்டியும் கையில் கத்தரிக்கோலுமாகச் சிறப்பு விருந்தினர் இறங்கினார். ரிப்பனைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார்.

"ஓடுதே?" என்றார்.

குற்றாலிங்கம் படித்துறைக்கு ஓடி வந்தார். "எம்மா, ஒரே ஒரு நிமிசம் கால வெளிய எடுங்க. ஆறு நின்னுரும். ஐயா வெட்டினதும் திரும்ப வச்சுக்கிடுங்க. போட்டோவுல உங்க காலும் வரும்."

"எடுக்க மாட்டேன்."

"ஐயா எம்புட்டுத் தூரத்துலருந்து வாராரு, தெரியுமா?"

"வந்தா நிக்கட்டும். பதினாலு வருசம் நான் நிக்கல?"

விருந்தினர் உட்கார இடம் தேடினார். அடுக்கிய நாற்காலி ஒன்றும் பிரிய மறுத்தது. தங்கபுஷ்பமும் இசக்கியம்மாளும் ரிப்பனுக்கு அடியில் புகுந்து வந்து, முப்பிடாதிக்கு இரண்டு பக்கமும் இறங்கினார்கள். ஆறு இன்னும் வேகமாக ஓடியது.

"எப்பதாம்மா எடுப்பிய?" என்றார் குற்றாலிங்கம். மீசை நடுங்கியது.

முப்பிடாதி குனிந்து பார்த்தாள்.

"முட்டு இன்னும் நனையலியே," என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த படியில் இறங்கினாள்.